அடியார் வரலாறு எழுதிய அடியார்



பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவா மலைகளின் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், மாலைச் செபமாலை முடிந்தபின் லயத்து வாசலில் பழங்கதை பேசும் ஒரு முதியவர் இருப்பார். தம் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியின் கீழ்ப் பெயர் பதிந்தார், எந்த மலையில் முதன்முதலாகக் கொழுந்துக் கூடை சுமந்தார் என்பதையெல்லாம் அவர் சொல்வார். நாமும் கேட்போம். ஒருநாள் அவர் இறைவனடி சேர்வார். அவரை நல்லடக்கம் செய்யும்போது, அவர் நெஞ்சிலிருந்த வரலாற்றையும் சேர்த்தே அடக்கம் செய்துவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் எழுதி வைத்தால் என்ன என்ற எண்ணம் உங்களுள் சிலருக்கு எழுந்திருக்கக்கூடும். எழுதுவதற்குப் பெரும் படிப்பு வேண்டுமே, நல்ல தமிழ் வேண்டுமே, எங்கிருந்து தொடங்குவது என்ற தயக்கம் உடனே கையைப் பிடித்திருக்கும். அத்தகைய தயக்கமுடையோருக்காக இவ்வாரம் ஓர் அடியாரின் வாழ்வை எடுத்துரைக்க விரும்புகிறோம். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவராக நம்மவரிடையே வந்து, தமிழில் முதன்முதலாகப் புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி அச்சிட்ட ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் அவர். தமிழ் வழக்கில் அவரை அன்ரிக்கஸ் அடிகளார் என்றும் அழைப்பர்.

அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர்கள். அக்காலத்தில் யூத வழிமரபினரைத் துறவற சபைகள் சில ஏற்கத் தயங்கின. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த அவரால், பிறப்பின் காரணமாகவே அங்கே நிலைத்திருக்க இயலவில்லை. மனம் தளராத அவர் 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, மறு ஆண்டே கோவாவை வந்தடைந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவரையே, நம் மொழியில் புனிதர்களின் பெருமையை எழுதுவதற்கு ஆண்டவர் தெரிந்துகொண்டார். பிறந்த குலத்தையும் குடியிருக்கும் லயத்தையும் காட்டித் தாழ்வாக எண்ணப்பட்ட அனுபவம் உடையவர்களே, இதனை மனத்தில் இருத்துங்கள்.

தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பார் முதலிய கடலோர ஊர்களில் வாழ்ந்த பரதவர்கள் 1530களில் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். 1542இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மொழி அறிந்தவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கிக் கற்பித்தார். அம்முயற்சியில் ஒரு தவறு நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் எனப் பொருள்படும் சொல் புகுந்துவிட்டது. மக்களும் அவ்வாறே செபித்தனர். 1544இல் அதனை உணர்ந்த சவேரியார், தம் உடன் உழைப்பாளருக்கு மடல் எழுதித் தவறான சொல்லை நீக்கச் செய்தார். புனிதரான அவரே தம் எழுத்தில் பிழை நேர்ந்ததை மறைக்கவில்லை. அவ்வாறிருக்க, பிழை வந்துவிடுமோ என்றஞ்சி நாம் எழுதாமலே இருப்பது தகுமா?

ஹென்றிக்கஸ் அடிகளாரும் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் நாவையே நம்பியிருந்தார். தாம் சொல்வது ஒன்று, மக்களைச் சென்றடைவது வேறொன்று என்பதைக் கண்டார். எனவே தாமே தமிழைக் கற்கத் துணிந்தார். அவருக்கு உதவ அந்நாளில் தமிழ் இலக்கணத்தை விளக்கும் போர்த்துக்கேய நூல் எதுவும் இல்லை. தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, மக்கள் வாயிலிருந்து வரும் வினைச்சொற்களைக் காலம் பார்த்து, இடம் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். உடல்நலம் குன்றியவராயிருந்தும் இப்பயிற்சியை அவர் கைவிடவில்லை. சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசும் நிலையை அடைந்தார். அவரும் உடனிருந்த குருக்களும் தங்களுக்குள்கூடத் தமிழிலேயே பேச வேண்டும் என்று விதித்துக்கொண்டனர். அவர் திரட்டிய இலக்கணக் குறிப்புகள் கையெழுத்துப் பிரதியாக இன்றும் லிஸ்பன் நகரில் பாதுகாக்கப்படுகின்றன.

வாசகர்களே, அவர் எழுதத் தொடங்கிய முறையைக் கவனியுங்கள். முதலில் அவர் கேட்டார். கேட்டதை அன்றன்று குறித்தார். குறித்ததைப் பேசிப் பார்த்துத் திருத்தினார். எழுத்தாளராக வேண்டும் என்பதற்காக அவர் எழுதவில்லை. தம் மக்களுக்குத் தேவை இருந்தது, அதனால் எழுதினார்.

1549இல் அப்பகுதி இயேசு சபையினரின் தலைவராயிருந்த அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் வேதாளையில் கொல்லப்பட்டபோது, அப்பொறுப்பு ஹென்றிக்கஸ் அடிகளாரின் தோள்களில் ஏறியது. 1560க்குப் பின் மன்னாரிலும் அவர் பணியாற்றினார். நோயாளர், ஏழைகள், பூசல்கள், பயணங்கள் என்று ஓயாத பணிகளுக்கிடையே அவருடைய எழுத்து வளர்ந்தது. ஓய்வு கிடைத்தபின் எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் நமக்கு ஒரு நூலும் கிடைத்திராது.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. அதன் அளவு 16 பக்கங்கள் மட்டுமே! மக்கள் நாவில் வழங்கிய தம்பிரான் என்ற சொல்லையே கடவுளுக்கு அவர் சூட்டினார். 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1580இல் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வழிகாட்டும் நூலொன்று அச்சாயிற்று. அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள், கடலில் மூழ்கி முத்தெடுத்து வாழ்ந்த எளிய பரதவ மக்களே.

இறுதியாக 1586ஆம் ஆண்டு, தமது 66ஆம் வயதில், புனிதர்களின் வரலாறுகளைத் தொகுத்த பெருநூலை அவர் வெளியிட்டார். புளோஸ் சாங்தோரும் எனும் அந்நூல் 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதன் ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டு வந்தது. இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கம் அடிகளார் அதனை 1967இல் அடியார் வரலாறு என்னும் பெயரில் தூத்துக்குடியில் மீண்டும் பதிப்பித்தார். அக்காலக் கடலோரத் தமிழர் பேசிய மொழியின் சாயல் அந்த உரைநடையில் விளங்குவதை அறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். 16 பக்கங்களில் தொடங்கிய அச்சுப் பணி, எட்டே ஆண்டுகளில் 600 பக்கங்களைத் தாண்டியது. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளுக்குப் பின்னே முப்பது ஆண்டுகளின் கேள்வியும் பயிற்சியும் இருந்தன. 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் அடிகளார் இறைவனில் துயில்கொண்டார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் பணியாற்றிய அதே மன்னார்க் கரையில்தான், 19ஆம் நூற்றாண்டில் நம் மலையக முன்னோர் பலர் வந்திறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோர் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தம் உழைப்பை ஈந்தனர். அவர்களுடைய பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தன. அவர்களுடைய வாழ்வு எந்த ஏட்டிலும் இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே தங்கிய பிரிவுகள் எத்தனை! அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இன்று நம்மிடையே முதியவர்களாக இருக்கின்றனர். இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால் யாரிடம் கேட்போம்?

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று மண்ணுக்குள் போனவை உயிர்களும் உடைமைகளும் மட்டுமல்ல. திருமணப் படங்களும், பழைய கடிதங்களும், பிறப்புச் சான்றுகளும் சேர்ந்தே போயின. எழுதப்பட்டுப் பல கைகளில் இருக்கும் வரலாறே இத்தகைய அழிவுக்குத் தப்பும்.

இதனை உணர்ந்த எழுத்தாளர் ஒருவரை நம் பதுளை மண்ணே ஈன்றது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த ஜோசப், தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரை முன்னே சேர்த்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். தோட்ட மக்களின் வாழ்வைக் கதைகளாக எழுதியதோடு நில்லாமல், தமக்கு முன் எழுதியவர்களைத் தேடித் தொகுத்து மலையகச் சிறுகதை வரலாறு என்னும் நூலையும் தந்தார். 2022இல் அவர் மறைந்தார். லயத்திலிருந்தும் எழுத்தாளர் தோன்ற முடியும் என்பதற்கு அவரே சான்று.

ஆகவே அன்பர்களே, இவ்வாரமே தொடங்குங்கள். ஓர் அப்பியாசக் கொப்பி போதும். உங்கள் அப்பாயியின் வாழ்வு முழுவதையும் எழுத முற்படாதீர்கள். அவர் முதன்முதலாகப் பிரட்டுக்குப் போன நாளை மட்டும் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். கொழுந்து மடுவத்தையும் பிள்ளைக்காம்பிராவையும் அவர் எப்படி அழைத்தாரோ அப்படியே நில்லட்டும். ஆண்டு தெரியாவிட்டால், எந்தத் துரையின் காலம், எந்தத் திருவிழாவுக்கு முன் என்று கேளுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டின் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் நினைவும் சின்னத்தாத்தாவின் நினைவும் மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பின்னர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் மறைக்க விரும்பும் துயரை ஊரறியச் செய்யாதீர்கள். பிறர்மீது பழி சுமத்துவதற்கு எழுதுகோலைப் பயன்படுத்தாதீர்கள்.

நற்செய்தியாளர் புனித லூக்காவும் இவ்வழியே சென்றவர். கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றைத் தொடக்கமுதல் ஆராய்ந்து ஒழுங்காக எழுதியதாக அவரே தம் நூலின் முகப்பில் தெரிவிக்கிறார். கேட்டு, ஆராய்ந்து, எழுதுவது திருச்சபையில் ஒரு புனிதமான ஊழியம். வீட்டுப் பீடத்தின் அருகே, திருவிவிலியத்தின் பக்கத்தில், உங்கள் முன்னோரின் கதை எழுதிய அந்தக் கொப்பிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

எங்கள் பெயர்களை உமது கையில் பொறித்து வைத்திருக்கும் ஆண்டவரே, எங்களுக்கு முன் உழைத்து மறைந்தவர்களை மறவாதிருக்கும் நெஞ்சை எங்களுக்குத் தாரும். அவர்களின் வாழ்வை உண்மையோடும் அன்போடும் எழுதும் துணிவையும் பொறுமையையும் தாரும். ஆமென்.