மெழுகுதிரியிடம் பாடங்கேட்ட மைக்கல் பரடே

மின்சாரம் தடைப்பட்ட இரவொன்றில் மெழுகுதிரி வெளிச்சத்திற் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளை, எரிகின்ற மெழுகு எங்கே போகின்றது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? உருகிப் போகின்றது என்று சொல்லித் தப்பிக்கொள்வோர் நம்மிற் பலர். உருகியதாயின் அது மேசையில் அல்லவா கிடக்கவேண்டும்? இந்தச் சின்னக் கேள்வியை உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகளுள் ஒருவர் தமது 69ஆம் வயதில் சிறுவர்களின் முன் எடுத்துவைத்து, ஆறு விரிவுரைகள் செய்தார். அவர்தாம் மைக்கல் பரடே.

அவர் 1791ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் திகதி, இன்று இலண்டன் நகரத்தோடு சேர்ந்துவிட்ட நியூயிங்ரன் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் கொல்லுத் தொழிலாளி. அடிக்கடி நோயில் விழுபவர். 1801இல் விலைவாசி ஏறியிருந்த காலத்தில், ஒன்பது வயதுப் பையனான மைக்கலுக்கு வீட்டிற் கொடுக்கப்பட்டது ஒரேயொரு பாண். ஒரு கிழமை முழுவதற்கும் அது போதவேண்டும். எழுத, வாசிக்க, கொஞ்சம் கணக்குப் பார்க்க என்ற அளவோடு பள்ளிப் படிப்பும் நின்றது. 1805இல், 14 வயதில், புத்தகங் கட்டும் கடையொன்றில் ஏழாண்டு காலத் தொழில் பழகுநராகச் சேர்ந்தார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை மற்றவர்கள் தைத்து ஒட்டி அனுப்பினார்கள். இந்தப் பையனோ அவற்றை வாசித்தான். திருமதி ஜேன் மாசெற் என்ற அம்மையார் பெண்பிள்ளைகளுக்காக உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலொன்று அப்படி அவன் கைக்கு வந்தது. நூலிற் சொல்லியிருக்கின்றதே என்று அவன் நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில பென்ஸ் காசுக்குப் பொருள்கள் வாங்கி, சொன்னபடி நடக்கின்றதா என்று தானே செய்து பார்த்தான். அச்சிலே கண்டதெல்லாம் வேதவாக்கு என்று எண்ணி மனப்பாடம் செய்யும் நமது மாணவர்களுக்கு இது கொஞ்சம் புதுமையாகத் தோன்றலாம்.

1812இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டுகளுடன், றோயல் நிறுவனத்தில் சேர் ஹம்பிறி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். 1813 மார்ச் மாதத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. கிழமைக்கு 25 சிலிங் சம்பளம். மேல்மாடியில் இரண்டு அறைகள்.

அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பாவுக்குப் பயணமானார். விஞ்ஞான உதவியாளராகப் போனவர் டேவியின் ஊழியன் வேலையையும் பார்க்கவேண்டியதாயிற்று. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். திரும்பிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. ஆனால் புளோரன்ஸ் நகரில் 1814இல் அவர் கண்ட காட்சியைப் பாருங்கள்: பெரிய வில்லையொன்றால் வெயிலைக் குவித்து டேவி ஒரு வைரத்தை எரித்தார்! எஞ்சியது காபனீரொட்சைட்டு வாயு மாத்திரமே. அரசர் முடியில் இருக்கும் வைரமும் நம் வீட்டு அடுப்புக்கரியும் ஒரே மூலகம். இதைக் கண்முன்னே காண்பதற்காக அவமானத்தைச் சகித்திருந்தார் என்றே நினைக்கவேண்டியிருக்கின்றது.

பின்னர் பரடே செய்தவை மிகப் பல. 1823இல் குளோரீன் வாயுவைத் திரவமாக்கினார். அந்த ஆய்வுகளின்போது கண்ணாடிக் குழாய் வெடித்துத் துண்டுகள் கண்ணிற் பாய்ந்தன. 1825இல் பென்சீனைக் கண்டறிந்தார். 1831இல் காந்தத்தைக்கொண்டு மின்னோட்டம் உண்டாக்கும் வழியைக் கண்டார். இன்றைய மின்பிறப்பாக்கிகள் அதன்படியே இயங்குகின்றன. இடையே 1824இல் அவரை றோயல் சங்கத்தின் அங்கத்தவராக்க முயன்றபோது எதிர்த்து நின்றவர், சங்கத் தலைவராயிருந்த டேவியேதான். மாணவனின் உயர்ச்சியைத் தாங்குவது எல்லா ஆசிரியருக்கும் எளிதன்று.

இனி மெழுகுதிரிக்கு வருவோம். 1860ஆம் ஆண்டு நத்தார் காலத்திற் சிறுவர்களுக்கு அவர் காட்டியவற்றுட் சிலவற்றை, பெரியவர்கள் அருகிலிருக்க, உங்கள் வீட்டிலும் செய்யலாம். சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகித் திரிவழியே ஏறி ஆவியாகின்றது. எரிவது அந்த ஆவியே. சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைப் பிடியுங்கள். திரியைத் தொடாமலே தீ தாவிப் பற்றிக்கொள்ளும். சுடருக்குள் கரண்டியைக் காட்டினால் கரி படியும். அந்தக் கரித்துகள்கள் சுடுபட்டு ஒளிர்வதாலேயே நமக்கு மஞ்சள் வெளிச்சம் கிடைக்கின்றது. குளிர்ந்த, உலர்ந்த கண்ணாடிக் குவளையைச் சுடரின்மேல் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனிபோல் நீர் படரும். நெருப்பிலிருந்து தண்ணீர்! மெழுகிலுள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றது, காபன் காபனீரொட்சைட்டாகின்றது. மெழுகு போன இடம் இதுதான்.

வெற்றிலைச் சுண்ணாம்பை நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறாக்கி, அதனுள் குழாயொன்றால் ஊதுங்கள். வாயில் உறிஞ்சிவிடாமற் கவனம். நீர் பால்போலாகும். மெழுகுதிரியின் வாயுவும் சுண்ணாம்புத் தெளிநீரை அவ்வாறே மாற்றும். நாம் மூச்சு விடுவதும் ஒருவகையில் மெழுகுதிரி எரிவது போன்றதே என்று கடைசி விரிவுரையில் அவர் விளக்கினார்.

பரடே கத்தோலிக்கரல்லர், சண்டமேனியர் என்ற சிறிய கிறிஸ்தவ சபையொன்றில் மூப்பராயிருந்தவர். ஆண்டுக்கு நூறு பவுண், குடியிருக்க இடம், நிலக்கரி, மெழுகுதிரி என்பதே நெடுங்காலம் அவரது சம்பளம். வெளியாருக்கு ஆய்வு செய்து கொடுத்துப் பெரும்பணம் தேடியிருக்கலாம். அதை அவர் விடவிட விட்டார். சேர் பட்டத்தையும், றோயல் சங்கத் தலைமையையும் ஏற்கவில்லை. முதுமையில் ஞாபகசக்தி குன்றியது. 1867 ஓகஸ்ட் 25ஆம் திகதி, விக்ரோறியா மகாராணியார் உதவிய வீட்டில் தமது நாற்காலியில் அமர்ந்தபடியே காலமானார். இலண்டன் ஹைகேற் சேமக்காலையில் உள்ள அவரது கல்லறையில், அவர் கண்டுபிடித்தவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பெயரும், பிறந்த திகதியும், இறந்த திகதியுமே உள்ளன.