குருவியின் பெயர் கேட்ட சிறுவன்

மழைக்காலத்தில் திண்டிவனம் பக்கத்துப் பனைமரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்ப விவகாரத்தை விளக்கிச் சொன்னவர் டாக்டர் சலீம் அலி.

1896 நவம்பர் 12இல் மும்பையில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்த எத்தீம். மாமா அமீருத்தீன் தையப்ஜி வளர்த்தார். ஒருநாள் ஏர்கன்னால் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம்! இதைச் சாப்பிடலாமா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் போனார். அவரோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சட்டிக்குப் போக வேண்டிய குருவி, பறவையியலுக்கு வழி காட்டியது.

ஜெர்மனியில் பயின்று 1930இல் திரும்பியபோது கையில் வேலை இல்லை. கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் குடியேறும். பிறகு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணை எதிர்பார்க்கும். வேலையற்ற நாட்களை இவ்வளவு பயனாகக் கழித்தவர்கள் குறைவு.

ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று காடுமேடெல்லாம் உடன் வந்த மனைவி தெஹ்மினா 1939இல் மறைந்தார். அந்தத் துயரத்துக்குப் பின்னரே, 1941இல், புகழ்பெற்ற இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. கோடியக்கரையில் வலசைப் பறவைகளின் காலில் வளையமிடும் பணியையும் அவர் முன்னின்று நடத்தினார். நம் மரக்காணம் அருகே, 2021இல் சரணாலயமான கழுவேலிக்குக் குளிர்காலத்தில் வருபவையும் வலசைப் பறவைகள்தான்.

1976இல் பத்மவிபூஷண் பெற்றார். 1987இல், தொண்ணூறு வயதில் காலமானார்.