ஓக் மரத்தை வெட்டிய ஆயரும் நம் வீட்டு நத்தார் மரமும்



மார்கழி பிறந்துவிட்டால் நம் வீடுகளிலே சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடுவது பிள்ளைகளின் வேலை. சவுக்கங்கிளை ஒன்றை வெட்டி வந்து வாளியில் மண் நிரப்பி நட்டு, பஞ்சும் வண்ணக் கடதாசியும் தொங்கவிடுவது இளைஞரின் வேலை. நள்ளிரவுப் பூசை முடிந்ததும் வெடிச் சத்தம் காதைப் பிளக்கும். ஒரு வாரம் கழித்துப் புத்தாண்டு பிறக்கும்போது நல்ல தீர்மானங்களும் கூடவே பிறக்கும்; அவற்றுட் பல தைப்பொங்கலைக் காணாமலே மறைந்தும் போகும்.

இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், புனித பொனிப்பாசியார் பேய்மரம் ஒன்றை வெட்டி வீழ்த்தினார், அதன் அடியிலிருந்து சிறு ஊசியிலை மரம் முளைத்தது, அதுவே முதல் நத்தார் மரம் என்று பலர் கதை சொல்வர். அழகான கதைதான். ஆனால் அந்தப் புனிதரின் உண்மை வரலாறு இதைவிட அழகானது. நத்தாரையும் புத்தாண்டையும் கொண்டாடும் நமக்கு அதிலே ஒரு கண்டிப்பும் இருக்கிறது. ஆகவே அதைச் சற்றுக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, 675ஆம் ஆண்டளவில் பிறந்தவர் வின்பிறித். அதுவே அவருடைய பிறப்புப் பெயர். சிறுவயதிலேயே மடத்திற் சேர்ந்து கல்வி கற்றார். நேர்ஸ்லிங் என்னும் இடத்து மடத்தில் ஆசிரியராயிருந்து, மாணவருக்காக இலத்தீன் இலக்கண நூல் ஒன்றும் எழுதினார். குருப்பட்டம் பெற்றார். ஊரில் மதிப்பும் இருந்தது. அங்கேயே இருந்திருந்தால் அமைதியாக வாழ்ந்து, அமைதியாகக் கண்மூடியிருப்பார்.

ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு தீர்மானம் வேரூன்றியிருந்தது. கடலுக்கு அப்பால், கிறிஸ்துவை அறியாத ஜேர்மானிய இனத்தவரிடம் போகவேண்டும் என்பதே அது. 716ஆம் ஆண்டில், ஏறக்குறைய நாற்பது வயதில், இன்று ஒல்லாந்து என நாம் அழைக்கும் பகுதியிலிருந்த பிறீசிய நாட்டுக்குக் கப்பலேறினார். அங்கே போர் மூண்டிருந்தது. அரசன் றாட்போட் கோவில்களை அழித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் செய்ய முடியாமல் வின்பிறித் வெறுங்கையோடு வீடு திரும்பினார். திரும்பியவரை மடாதிபதியாக்க முனைந்தனர். தோல்வி கண்ட மனிதனுக்கு இதைவிட நல்ல சாட்டு வேறென்ன வேண்டும்? அவரோ பதவியை மறுத்து, 718ஆம் ஆண்டில் மீண்டும் புறப்பட்டார். பிறந்த மண்ணை அதன் பின் அவர் கண்டதேயில்லை.

இம்முறை நேரே உரோமைக்குச் சென்றார். பாப்பரசர் இரண்டாம் கிறகோரியார் 719ஆம் ஆண்டில் அவருக்குப் பொனிப்பாஸ் என்ற பெயரையும், மறைபரப்பும் பணியையும் அளித்தார். 722ஆம் ஆண்டில் அவரே இவரை ஆயராக அபிஷேகம் செய்தார். பிராங்கியரின் தலைவன் சாள்ஸ் மாட்டல் பாதுகாப்புக் கடிதம் கொடுத்தான்.

இனி அந்த மரத்துக்கு வருவோம். ஜேர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில், கைஸ்மார் என்னும் இடத்தில் பெரிய ஓக் மரம் ஒன்று நின்றது. இடி முழக்கத்தின் தேவனுக்கு உரியது என்று மக்கள் அதை அஞ்சி வழிபட்டனர். ஞானஸ்நானம் பெற்றவர்களிற் சிலரும் இரகசியமாக அங்கே பலியிட்டு வந்தனர். 723ஆம் ஆண்டளவில் பொனிப்பாசியார் கோடரியோடு அம்மரத்தை அணுகினார். சூழ நின்றவர்கள் சபித்தார்கள். இடி விழுந்து அவர் மாளுவார் என எதிர்பார்த்தார்கள். அவர் சிறிது வெட்டியதும் பெருங்காற்று அடித்து மரம் நான்காகப் பிளந்து வீழ்ந்தது என்று, அவர் இறந்து சில ஆண்டுகளில் அவருடைய வரலாற்றை எழுதிய விலிபால்ட் குருவானவர் கூறுகிறார். அந்தப் பலகைகளைக் கொண்டே புனித இராயப்பர் பெயரால் சிற்றாலயம் ஒன்று எழுந்தது.

கவனியுங்கள்: விலிபால்ட் எழுதிய வரலாற்றில் ஊசியிலை மரம் எதுவும் இல்லை. அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேர்ந்த கதை. அலங்கரித்த மரத்தைப் பற்றிய தெளிவான செய்தி 1605ஆம் ஆண்டளவில் ஸ்திராஸ்பூர்க் நகரிலிருந்துதான் கிடைக்கிறது. கடதாசி ரோசாக்களும் அப்பிள் பழங்களும் இனிப்புகளும் அதிலே தொங்கின. இங்கிலாந்து அரச குடும்பத்தின் மரத்தை 1848ஆம் ஆண்டில் இலண்டன் வார இதழ் ஒன்று படம் போட்டு வெளியிட்ட பின்னரே ஆங்கிலேயர் வீடுகளில் அது பரவலாயிற்று. உரோமையில் புனித இராயப்பர் சதுக்கத்தில் மரம் வைக்கும் வழக்கம், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலத்தில், 1982ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. எனவே மரம் நல்ல அலங்காரம். விசுவாசத்தின் சத்தியம் அல்ல. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சொல்லிக்கொடுங்கள்.

பொனிப்பாசியாருக்கு ஓக் மரத்தைவிடக் கடினமான ஒன்றை வெட்டவேண்டியிருந்தது. அது கிறிஸ்தவர்களின் துர்மாதிரிகை. 742ஆம் ஆண்டில் அவர் புதிய பாப்பரசர் சக்கரியாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவர் பேராயர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஜேர்மனியிலே புறச்சமயப் பழக்கங்களை விடும்படி மக்களிடம் சொன்னால், உரோமையிலேயே, அதுவும் இராயப்பர் ஆலயத்துக்கு அருகிலேயே, இவை நடக்கக் கண்டோம் என்று அவர்கள் பதில் சொல்கிறார்களாம். தை முதலாம் நாளில் இரவு பகலாக வீதிகளிலே ஆட்டமும் கூச்சலும். மேசை நிறைய உணவு. ஆனால் அயலவன் வந்து கேட்டால் அடுப்பு மூட்ட நெருப்போ, ஒரு இரும்பு ஆயுதமோ, வேறெந்த உதவியோ வீட்டிலிருந்து கொடுக்கமாட்டார்கள். பெண்கள் கைகால்களிலே தாயத்துக் கட்டுகிறார்கள். இவை எங்கள் பிரசங்கத்துக்குப் பெருந்தடையாயிருக்கின்றன என்று அவர் ஒளிவுமறைவின்றி முறையிட்டார்.

பாப்பரசர் கோபிக்கவில்லை. தமக்கு முன்னிருந்தவர் ஒழித்த இப்பழக்கங்கள் மீண்டும் தலையெடுத்ததை ஒப்புக்கொண்டு, தாமும் அவற்றைத் தடைசெய்ததாகப் பதில் எழுதினார்.

வாசகர்களே, அந்த நெருப்பைப் பற்றிச் சற்று யோசியுங்கள். விருந்து நிறைந்த வீட்டிலே அயலவனுக்கு ஒரு தணல் இல்லை! நம்மிடையேயும் வருடப்பிறப்பன்று எதையும் வெளியே கொடுத்தால் வீட்டு அதிர்ஷ்டம் போய்விடும் என்று அஞ்சுவோர் இல்லையா? ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வீழ்ந்த அந்த மரத்தின் வேர் நம் வீட்டு முற்றத்திலும் ஓடுகிறது போலும்.

பொனிப்பாசியார் மறைமாவட்டங்களை ஒழுங்குபடுத்தினார், சங்கங்களைக் கூட்டினார், இங்கிலாந்திலிருந்து லியோபா முதலிய கன்னியரை அழைப்பித்துப் பெண்களுக்கான மடங்களை நிறுவினார். 744ஆம் ஆண்டில் அவருடைய சீடர் ஸ்தூர்ம் புல்டா மடத்தை ஆரம்பித்தார். பார்வை மங்கியபோது, சேர்த்தெழுதாமல் எழுத்துக்களைத் தெளிவாக எழுதிய தீர்க்கதரிசிகள் ஆகமப் பிரதி ஒன்றை இங்கிலாந்து ஆயர் ஒருவரிடம் கேட்டெழுதினார்.

எண்பதை எட்டும் வயதில், எல்லாப் பொறுப்பையும் சீடர் லூலிடம் ஒப்படைத்துவிட்டு, முதன்முதலில் தோல்வி கண்ட அதே பிறீசிய நாட்டுக்குப் புறப்பட்டார். புத்தகப் பெட்டிக்குள் தம் உடலைச் சுற்றுவதற்கான வெள்ளைத் துணியையும் வைக்கச் சொன்னார். 754ஆம் ஆண்டு ஆனி 5ஆம் நாள், டொக்கும் என்னுமிடத்தில், உறுதிபூசுதல் பெற வருவோருக்காகக் காத்திருந்தார். வந்தவர்களோ ஆயுதம் தாங்கிய கொள்ளையர். எதிர்த்துப் போராட முனைந்த தம் ஆட்களைத் தடுத்து, தோழர் பலரோடு வேதசாட்சியாய் மரித்தார். பொன்னும் வெள்ளியும் தேடிப் பெட்டிகளை உடைத்தவர்களுக்குக் கிடைத்தவை புத்தகங்களே. அவருடைய உடல் புல்டாவில் அடக்கம் செய்யப்பட்டது. வெட்டுக் காயங்கள் உள்ள பழைய நூல் ஒன்றும் அங்கே பேணப்படுகிறது. அந்த நூலை உயர்த்தியே அவர் வாளைத் தடுக்க முயன்றார் என்பது மரபு.

நாற்பது வயதிற் செய்த தீர்மானம் எண்பது வயதில் நிறைவேறியது. இடையிலே வந்த தோல்வி அதைக் கொல்லவில்லை.

இவ்வாண்டும் சவுக்கங்கிளையை நடுங்கள், நட்சத்திரத்தைக் கட்டுங்கள், பிள்ளைகள் வெடி கொளுத்தட்டும், ஆனால் அயல்வீட்டு நோயாளியை நினைத்து அளவோடு கொளுத்தட்டும். புத்தாண்டுத் தீர்மானம் எதுவென்று தேடுவோர் வெகு தூரம் போகவேண்டியதில்லை. வருடப்பிறப்பன்று உங்கள் படலையைத் தட்டும் முதல் ஆளுக்கு, அவர் எச்சமயத்தவராயினும், கேட்டதைக் கொடுத்தனுப்புங்கள். அவர் எதைக் கொண்டு போகிறார் என்பதை உங்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.