இங்கிலாந்து ராணியின் பற்கள் கறுத்துப்போனது ஏன்?

1588-ல் படையெடுத்து வந்த ஸ்பெயினின் மாபெரும் கப்பற்படையைக் கண்டு அஞ்சாதவர் முதலாம் எலிசபெத். ஆனா, பல்வலி அவரையும் நடுங்க வைத்தது.

1533-ல் பிறந்த எலிசபெத், 25 வயதில் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அன்றைக்குச் சர்க்கரை அங்கே விளையாது. கடல் தாண்டித்தான் வரணும். விலையோ எக்கச்சக்கம். அதனால அது பெரிய வீட்டுப் பண்டம். அரண்மனை விருந்துகளில் பழப்பாகு, பாதாம் இனிப்பு, சர்க்கரையிலேயே செய்த பொம்மைகள் என அடுக்கி வைப்பார்கள். ராணிக்கும் இனிப்பு என்றால் கொள்ளை ஆசை.

பிடுங்க பயம்

1578-ல் கடும் பல்வலி. ராத்திரி தூக்கமே இல்லை. பல்லைப் பிடுங்கினால்தான் தீரும் என்றார்கள். ராணியோ பயந்து மறுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் ஆச்சே! லண்டன் பிஷப் ஜான் எய்ல்மர், தன் வயதான காலத்தில், ராணியின் கண்ணெதிரே தன் பல் ஒன்றைப் பிடுங்கச் சொல்லிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகே ராணி சம்மதித்தார்.

1597-ல் அவரைச் சந்தித்த பிரெஞ்சுத் தூதர், பல பற்கள் விழுந்துவிட்டதால் ராணி வேகமாகப் பேசினால் புரியவில்லை என்று குறித்து வைத்தார். அடுத்த ஆண்டு வந்த ஜெர்மன் பயணி பால் ஹென்ட்ஸ்னர், கறுத்த பற்களைப் பார்த்து, சர்க்கரைதான் காரணம் என்று ஊகித்தார். 1603-ல், 69 வயதில் எலிசபெத் இறந்தார்.

சர்க்கரை என்ன செய்கிறது?

ஹென்ட்ஸ்னரின் ஊகம் தப்பில்லை. பல்லில் படியும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள கால்சியத்தைக் கரைக்கிறது. இதை 1890-ல் விளக்கியவர் பல் மருத்துவர் வில்லோபி மில்லர்.

கரைந்ததை உமிழ்நீர் ஓரளவு சரிசெய்யும். ஆனா அதுக்கு நேரம் வேணும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இனிப்பு சாப்பிட்டால் அந்த நேரமே கிடைக்காது. எவ்வளவு சாப்பிடுறோம் என்பதோடு, எத்தனை தடவை சாப்பிடுறோம் என்பதும் முக்கியம்.

சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அன்று ராணிக்குக் கிடைத்த சர்க்கரை, இன்று தெருமுனைக் கடையில் எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கிறது. ராணிக்குக் காரணம் தெரியாது, நமக்குத் தெரியும்.