தங்கையின் நோய் தந்த வைராக்கியம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

ஜூலை 30-ஆம் தேதியைத் தமிழக அரசு 'மருத்துவமனை தின'மாகக் கொண்டாடுகிறது. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்த காலத்தில், எதிர்ப்பை மீறி மன்னரின் ஆதரவுடன் சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் தேர்வானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனை செய்தவரால் தன் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. டாக்டராக இருந்தும் கண்ணெதிரே கைவிட்டுப் போன அந்த உயிர்தான் அவரை மாற்றியது. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்தார். அப்போது அரசிடம் பெரிய ஊக்கம் இல்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் மக்களிடம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் பத்மபூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968-ல் மறைந்தார்.

அவர் காலத்தில் இல்லாத வாய்ப்பு இன்று நமக்கு இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் 30 வயதைக் கடந்த பெண்கள் செய்துகொள்வது நல்லது. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. 9 முதல் 14 வயதுள்ள பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு.

ஓசூர் அரசு மருத்துவமனையிலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சிப்காட் ஷிப்ட், பிள்ளைகளின் ஸ்கூல் வேன், சமையல் என்று ஓடும் நம் வீட்டுப் பெண்கள், தங்கள் உடம்பைக் கடைசியாகத்தான் கவனிக்கிறார்கள். கணவன்மார்களே, பிள்ளைகளே, இந்த மாதம் ஒரு நாள் லீவு போட்டு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். முத்துலட்சுமி அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.