பதவியைத் துறந்து பயணம் புறப்பட்ட இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

 

இஹ்யா உலூமித்தீன் எனும் நூலின் பெயரைக் கேள்விப்படாத ஜமாஅத்தார் நம்மில் மிகக் குறைவு. அந்நூலை யாத்த ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், எத்தகைய ஆசனத்தை விட்டு எழுந்து சென்றார்கள் என்பதை அறிந்தோர் அத்தனை பேர் இல்லை.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராசானின் தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என எழுதி வைத்துள்ளனர். அவர் மரணத் தறுவாயில் தம் இரு மக்களையும் ஸூஃபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். விட்டுச்சென்ற சொற்பப் பணம் தீர்ந்தபோது, உண்ண உணவேனும் கிடைக்கும் என்று அந்த நண்பர் சிறுவர்களை மத்ரஸாவில் சேரச் செய்தார். வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வி, அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இருக்க மறுத்துவிட்டதென இமாமவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு.

நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதித் தேறிய பின், ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களின் ஆதரவு கிட்டியது. ஹிஜ்ரி 484-ல் (1091) பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமைப் பேராசிரியர் பதவி வந்து சேர்ந்தது. அப்போது வயது முப்பத்து நான்குதான்! ஏறத்தாழ 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அமைச்சர்களும் கலீஃபாவின் அவையும் மதித்தனர். அவர்கள் பக்தாதில் நுழைந்தபோது அணிந்திருந்த ஆடையும் ஏறிவந்த வாகனமும் 500 தீனார் பெறும் என அன்றைய மக்கள் மதிப்பிட்டதை இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான் உள்ளம் கலங்கிற்று. தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பேருக்கும் புகழுக்குமா எனத் தம்மையே விசாரித்தார்கள். கிடைத்த விடை அவர்களை நடுங்க வைத்தது. இதைத் தம் தன்வரலாறான அல்முன்கித் நூலில் சற்றும் மறைக்காமல் எழுதியுள்ளார்கள். (மிம்பரில் ஏறிப் பேசும் நமக்கு அப்பக்கங்களை ஓதும்போதெல்லாம் நெஞ்சு கூசுகிறது.) காலையில் புறப்படத் துணிவார்கள், மாலையில் ஆசை வந்து தடுக்கும். ஹிஜ்ரி 488 ரஜபில் (1095) நாவே கட்டுண்டது. மாணவர்களுக்காக ஒரு சொல்லேனும் பேச முயன்றும் இயலவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்தின் நோய், மருந்தால் தீராது என மருத்துவர்கள் கைவிட்டனர்.

அதே ஆண்டு துல்கஃதாவில் இமாமவர்கள் எழுந்தார்கள். கலீஃபாவும் நண்பர்களும் தடுப்பர் என அஞ்சி, மக்காவுக்குப் போவதாகக் கூறிவிட்டு ஷாம் தேசம் நோக்கினார்கள். தம் பொருளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எனினும் குழந்தைகளின் ஜீவனத்துக்குப் போதுமானதை ஒதுக்கிவைக்க மறக்கவில்லை. துறவு என்றால் மனைவி மக்களைத் தெருவில் விடுவது என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். நிஜாமிய்யாவின் பாடங்களைத் தம்பி அஹ்மத் கஸ்ஸாலி ஏற்றார்கள்.

திமிஷ்க் உமவிய்யாப் பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். பின்பு பைத்துல் முகத்தஸ், கலீல் நகரம், ஹஜ்ஜு, மதீனா ஜியாரத். கலீலில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், இனி மன்னர்களின் சபைக்குச் செல்வதில்லை, அவர்களிடம் பொருள் வாங்குவதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை என உறுதி பூண்டார்கள். இஹ்யா உருவானது இந்த ஆண்டுகளில்தான். பக்தாதுக்கு அவர்கள் மீண்டும் வந்தபோது உடுத்தியிருந்த ஆடையை மக்கள் மதிப்பிட்டனர். 15 கீராத் தேறிற்று. ஒரு தீனாருக்கும் குறைவு.

ஹிஜ்ரி 499-ல் (1106) அமைச்சர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாபூரில் சிறிது காலம் மீண்டும் பாடம் நடத்தினார்கள். பின் தூஸ் திரும்பி, வீட்டருகே மாணவர்களுக்கு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்குத் தங்குமிடமும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14-ல் (1111) வஃபாத்தானார்கள். அவர்களை நேரில் கண்ட அப்துல் காஃபிர் ஃபாரிஸீ (ரஹ்), அவர்களுக்குப் பின் பெண்மக்கள் மட்டுமே இருந்தனர் என்றும், குடும்பத்தின் செலவுக்குப் போதுமானது இருந்ததால் பிறர் கொண்டுவந்த செல்வத்தை இமாமவர்கள் ஏற்றதில்லை என்றும் எழுதியுள்ளார்கள்.