நில உரிமைக்குத் துணைநின்ற லீவன்ஸ் அடிகளார்

கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளாரை ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்த மறைபோதகராகவே நம்மில் பலர் அறிவோம். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான அவர், 1885-இல் சோட்டாநாக்பூரின் தோர்ப்பா என்னும் சிற்றூரில் குடியேறினார். முண்டா, ஒராவோன் மக்களின் முன்னோர் காடு திருத்தி உண்டாக்கிய வயல்களை ஜமீன்தார்கள் தமதாக்கிக் கொண்டிருந்தனர். குத்தகையை உயர்த்தினர், கூலியின்றி வேலையும் வாங்கினர். எழுத்தறியாத மக்கள் நீதிமன்றம் போனாலும் தோற்றே திரும்பினர்.

அடிகளார் அவர்களுடைய மொழியையும் நில வழக்கங்களையும் குத்தகைச் சட்டத்தையும் கற்றார். வழக்குகளில் துணைநின்றார். சட்டப்படி உரிய குத்தகைக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை என்று துணிவூட்டினார். மதத்திற்கு ஆள் சேர்க்கவே வழக்கு நடத்துகிறார் என்ற குறை அன்றே எழுந்தது. அந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வயலை இழந்தவருக்கு அடுத்த வேளைச் சோறே கேள்வியாக இருந்தது.

காசநோயால் 1892-இல் தாயகம் திரும்பிய அவர், 1893 நவம்பர் 7 அன்று 37 வயதில் இறந்தார். பழங்குடியினர் நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908-இல்தான் வந்தது. அதில் அவருடைய சபைத் தோழர் ஹாஃப்மன் அடிகளாரின் உழைப்பு பெரிது. லீவன்ஸ் அடிகளாரின் உடல் எச்சங்கள் 1993-இல் ராஞ்சிப் பேராலயத்திற்குக் கொண்டுவரப்பட்டன.